எறும்பு மேய்த்த ஆர்க்கிட்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துச் சீனிச்சாமிக்கு வலது கை இடது கையைவிட ஒன்றரை மடங்கு பருமன். இருபது வருஷமாகப் பால்கோவாச் சட்டியில் துடுப்புப் போட்டுக் கிண்டிய கை அது. சட்டை தைக்கப் போனால் டெய்லர் இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுப்பார். தூக்கத்தில்கூட அந்தக் கை ஓயாது. தெற்கு வடக்காகப் போட்ட கயிற்றுக் கட்டில், விடிகிறபோது கிழக்கு மேற்காகக் கிடக்கும். நம்பாதவர்கள் அவர் மனைவி சண்முகத்தாயிடம் கேட்டுக்கொள்ளலாம். அவள் பதில் சொல்லமாட்டாள், சிரிப்பாள். பொய்யாக இருந்தால் எதற்குச் சிரிக்கப் போகிறாள்?

பின்னாளில் ராஜபாளையத்தில் ஆர்க்கிட் வைத்திருக்கிற வீடுகளில் ஓர் இலை வாடினால் இந்த மனிதருக்குத்தான் ஆள் வந்தது. அவரும் கையில் ஒரு பொட்டணம் கோவா, சட்டைப் பையில் ஒரு சுருள் பஞ்சு என்று பஸ் ஏறிப் போனார். அதற்கெல்லாம் முன்னால், ஊரிலேயே நல்ல செடி ஒன்றைத் தன் கையாலேயே கொல்லப் பார்த்தவரும் அவர்தான்.

வீட்டுக்குப் பின்னால் முற்றம், முற்றத்தில் அடுப்பு, அடுப்பில் புளிய விறகு, அதன்மேல் சட்டி. அந்த முற்றத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. மண்ணெண்ணெய், மூட்டைப்பூச்சி மருந்து, பாச்சை உருண்டை எதுவும் நடையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. பால் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை, பெட்டியிலிருந்து எடுத்த கல்யாண வேட்டியை உடுத்திக்கொண்டு யாரோ முற்றத்தைக் குறுக்கே கடந்து போனார். அன்றைய கோவா மதுரை வரைக்கும் போய், பாச்சை உருண்டை மணக்கிறது என்று திரும்பி வந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணியில் அவர்களுடைய ஒரே மகள் பரிபூரணத்துக்கு ராஜபாளையத்திலிருந்து சம்பந்தம் வந்தது. அது தானாக வந்துவிடவில்லை. பையன் பெயர் மாரிசாமி. அவர்கள் வீட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் ஓடின. ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக் கடைகளுக்கு பண்டல் போட வருகிறவன், திரும்பும்போது சீனிச்சாமி கடையில் கால் கிலோ கோவா வாங்குவான். கல்லாவில் பூரணம் இருந்தால் அரைக் கிலோ. அவனுக்கோ இனிப்பே ஆகாது. வாங்கியதையெல்லாம் வீட்டு நாய்க்குப் போட்டான். ராஜபாளையத்து நாய் ஒட்டிய வயிறோடு முயல் விரட்டப் பிறந்த ஜாதி. ஊருக்குள்ளேயே அந்த ஒரு நாய்க்கு மட்டும் தொந்தி விழுந்தது. தொந்தியைப் பார்த்துத்தான் மாரிசாமியின் அம்மா பெத்தம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது.

பெத்தம்மாள் பேசினால் தறிச்சத்தம் அடங்கும் என்பார்கள். பெண் பார்க்க வந்தவள் தாம்பாளத்துக்குப் பதிலாக மடியில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு அம்பாசிடரிலிருந்து இறங்கினாள். பூரணத்தை ஒரு பார்வை பார்த்தாள், பிடித்துவிட்டது என்று முகமே சொன்னது. பிறகு தொட்டியைச் சீனிச்சாமி முன்னால் வைத்தாள்.

சீனிச்சாமி குனிந்து பார்த்தார். கரித்துண்டு, செங்கல் சில்லு, தேங்காய் மட்டை. அதன் நடுவில் கரும்புக் குருத்துப் போல நாலைந்து தண்டு, தடித்த இலைகள்.

"என்ன தாயி, மண்ணையே காணோம்?"

"ஆர்க்கிட்டு அண்ணாச்சி. இதுக்கு மண்ணு ஆகாது, காத்துலயே பொழைக்கும். தை மாசம் பூ வைக்க வாரோம். கடைப்பூ வேண்டாம். இந்தச் செடியில பூத்த பூவத்தான் உங்க மக தலையில வைப்பேன். ஒரு செடிய வளக்கத் தெரியாத வீட்டுல பிள்ளைய எப்பிடி வளத்திருப்பாக?"

"பூக்காட்டி?"

"எம் மவனுக்கு ராஜபாளையத்துல பொண்ணா இல்ல?"

கதவோரம் நின்ற பூரணம் காபித் தம்ளரைக் கொடுக்காமலே உள்ளே கொண்டுபோனாள். காரில் ஏறும்போது பெத்தம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பெண்ணைப் பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவள் கண் தொட்டியின் மேலேயே இருந்தது.

அன்று முதல் சீனிச்சாமிக்கு வீட்டில் இரண்டு பெண்கள். தொட்டியை ஒரு முக்காலிமேல் ஏற்றி, முற்றத்துச் சுவரோரம் வைத்தார். அந்திசாயும் நேரம் சட்டி இறக்கியதும் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையோடு ஊற்றுவார். "குளிச்சுட்டுத் தூங்கு தாயி" என்பார். கேட்டுக்கொண்டிருந்த சண்முகத்தாய், "பெத்த மகளுக்கு ஒருநாளாவது தண்ணி மோந்து ஊத்தியிருக்கியளா?" என்று அடுக்களைக்குள்ளிருந்து குத்துவாள்.

ஐப்பசி மழை பிடித்தது. சுவரோர ஈரமும் அந்திக் குளியலும் சேர்ந்து, இரண்டு இலைகளில் மிளகு ஒட்டியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. சீனிச்சாமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் புலம்பினார். கடைக்கு வந்த புதுப்பட்டி விவசாயி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்க பூசணி எலையில வெள்ளையாப் பூசணம் பூத்தா, பால்ல தண்ணி கலந்து தெளிப்போம். கேக்கும்."

அவர் போய்விட்டார். சொல் மட்டும் சீனிச்சாமியின் தலைக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. வெறும் பாலே நல்லது என்றால், சுண்டக் காய்ச்சிய பால் எம்புட்டு நல்லது! புதுப்பட்டிப் பூசணிக்கு வேண்டுமானால் தண்ணிப்பால் போதும். சம்பந்தி வீட்டுச் செடிக்கும் அதையேவா கொடுப்பது? கோவா எடுத்த சட்டியில் வெந்நீர் விட்டு, ஓரத்தில் ஒட்டியதையெல்லாம் சுரண்டிக் கரைத்து, ஆறவைத்து இலை இலையாகத் தெளித்தார். பாலோடு சர்க்கரையும் அதில் இருப்பது அவர் நினைப்பிலேயே வரவில்லை. மீனுக்குத் தண்ணீர் எப்படியோ, அவருக்குச் சர்க்கரை அப்படி.

இலை பளபளவென்று மினுங்கியது. ஊற்றினார், ஊற்றினார், தீபாவளி வரைக்கும் ஊற்றினார்.

முதலில் வந்தது மடவார் வளாகத்து எறும்பு. பிறகு சுந்தரபாண்டியத்து எறும்பு. கிருஷ்ணன்கோவில் எறும்பெல்லாம் பஸ் பிடித்து வந்தது என்று பேச்சு. முக்காலியின் ஒவ்வொரு காலிலும் தேர்வடம் கனத்துக்கு வரிசை ஏறியது. அப்புறம் இலைக்கணுக்களில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு வைத்தது.

"ஏட்டி, இங்க வந்து பாரு!" என்று கூவினார் சீனிச்சாமி. "பேண்டேஜ் கம்பெனிக்காரவுக செடியில்லா? பஞ்சு காய்க்குது!"

பூரணம்தான் கிட்டே போய் அந்தப் பஞ்சை விரலால் தொட்டாள். பஞ்சுக்குக் கால் இருந்தது. நசுக்கினால் மஞ்சளாகப் பிசுபிசுத்தது. மாவுப்பூச்சி. இலைகளின் மேற்புறம் அதற்குள் சட்டியின் அடி மாதிரிக் கறுப்பேறியிருந்தது. அவள் அழவில்லை. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, இது இனிமே பூக்காதாப்பா?"

சீனிச்சாமி துடுப்பை எடுத்து, அடுப்பில் இல்லாத சட்டியைக் கிண்டினார்.

மறுநாள் சண்முகத்தாயின் அண்ணன் ஐயாதுரை வந்தார். சுந்தரபாண்டியத்தில் பருத்தி போடுகிறவர். சங்கதி கேள்விப்பட்டு, துண்டுக்குள் ஒரு பாட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"மாப்ள, ஒரே ஒரு மூடி. எங்க பருத்தியில இத அடிச்சா காக்காகூட ஊரச் சுத்தித்தான் போகும்."

"எண்ணே," என்றாள் சண்முகத்தாய் நடையை மறித்துக்கொண்டு. "அத வாசலுக்கு வெளிய வச்சிட்டு, கையக் கழுவிட்டு உள்ள வா."

"பூச்சி திங்குது, உனக்குக் கை கழுவுறது பெருசாப் போச்சோ?"

"பால் காயுற முற்றத்துல வெசத்த அடிச்சிட்டு, விடிஞ்சதும் பச்சப்பிள்ளைகளுக்குக் கோவா நிறுத்துக் குடுக்கவா?"

"சரிட்டி, செடியத் தெருவுல வச்சு அடிச்சாப் போச்சு."

"அடிச்ச பொறவு இங்கதான வரும்? அந்த எறும்பு செடிய நக்கிட்டு எங்க போகும்னு நினைக்க? நேரா பால் சட்டிக்கு!"

ஐயாதுரை பாட்டிலை வாசலுக்கு வெளியே வைத்தார். ஆனாலும் விடவில்லை. "அப்ப ஒண்ணு செய்யி. ஒவ்வொரு பூச்சியாக் கூப்பிட்டு, ஐயா ராசா போயிட்டு வாங்கன்னு வெத்தலை பாக்கு வச்சு அனுப்பு."

கேலிக்குச் சொன்னார். அதைக் கிட்டத்தட்ட அப்படியே செய்யவைக்க ஓர் ஆள் அன்று சாயங்காலமே கோவா வாங்க வந்தது. ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த கிருபாபாய். ஊரெல்லாம் 'சிஸ்டர்' என்று கூப்பிடும். குவார்ட்டர்ஸ் வாசலில் ரோஜாவும் குரோட்டன்சும் வளர்க்கிறவர். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுச் செடியைச் சுற்றி வந்தார்.

"என்ன சீனி, மாட்டுப்பண்ணை வச்சிருக்கிய போல?"

"சிஸ்டர்?"

"இந்த வெள்ளைப்பூச்சி மாடு. எறும்பு மாட்டுக்காரன். பூச்சி செடியில சாற உறிஞ்சி இனிப்பா வெளிய விடும். எறும்பு அதக் குடிச்சிட்டுப் பூச்சிக்குக் காவல் இருக்கும். சிந்துற இனிப்புலதான் இந்தக் கறுப்புப் பூசணம் அப்புது. செடி மேல என்னத்த ஊத்தினிய?"

சீனிச்சாமி சொன்னார். கிருபாபாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாலுன்னு சொன்னா பாயசமா வைப்பாக! தீவனக் கடை நடத்தியிருக்கியளே. சரி, மொதல்ல மாட்டுக்காரனை வெரட்டணும். உம்ம பால் பானைய எறும்பு தொடாம எப்பிடி வச்சிருக்கிய?"

சீனிச்சாமி திரும்பிப் பார்த்தார். பால் பானை வைத்திருக்கிற பெஞ்சின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. அவர் தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான் நிற்கின்றன. காலையும் மாலையும் அவர்தான் அதில் தண்ணீர் ஊற்றுகிறார். எட்டடி தள்ளி இருந்த முக்காலிக்கு மட்டும் அது தோன்றவில்லை. 'பளார்' என்று நெற்றியில் ஒன்று போட்டுக்கொண்டார். அது வலது கை என்பதால் ராத்திரி வரைக்கும் காதுக்குள் கோயில் மணி அடித்தது.

முக்காலி, கிண்ணத்தில் கால் வைத்தது. செடி சுவரைவிட்டுக் காற்றுப் போகிற நடைப்பக்கம் நகர்ந்தது. அந்திக் குளியல் நின்றது, காலையில் மட்டும் வேருக்குத் தண்ணீர். இலையில் ஈரம் ராத்தங்கினால் புள்ளி பரவும் என்றார் சிஸ்டர். கறுப்பையும் பிசுக்கையும் ஈரத்துணியால் துடைத்து எடுத்தார்கள். அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய வேலை. தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஊசி போடுகிற இடத்தில் தடவுகிற ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுக்க வேண்டும். செடி முழுக்கத் தடவக்கூடாது. அடுப்பில் பொட்டு நெருப்பு இருந்தாலும் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கக்கூடாது.

பஞ்சுக்குப் பஞ்சமில்லை. விஷயம் எப்படியோ மாரிசாமி காதுக்கு எட்டி, அடுத்த தடவை கோவா வாங்க வந்தவன் கல்லாவில் ஒரு பெரிய உருண்டைப் பஞ்சை வைத்தான்.

"எதுக்கு?" என்றாள் பூரணம், தெரியாத மாதிரி.

"உங்க வீட்டுல யாருக்கோ காயம்னு கேள்விப்பட்டேன்."

"காயம் எனக்கில்ல. செடிக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான எனக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, கோவாவை வாங்காமலே வண்டியைக் கிளப்பினான். அன்று அந்த நாய் பட்டினி.

அன்றிலிருந்து மூன்று மணிக்கே சட்டியை இறக்கி, கோவாவை மூடி உள்ளே வைத்து, அடுப்பை அவித்துவிட்டு அப்பனும் மகளும் செடிக்கு இந்தப்பக்கம் ஒருவர் அந்தப்பக்கம் ஒருவர் உட்காருவார்கள். துடுப்புப் பிடித்த கையில் தீக்குச்சி நடுங்கியது. முதல் நாளே ஒரு குருத்தை ஒடித்துவிட்டார். அன்றைக்கு மகள் தீக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் போகப்போக அந்தக் கை படிந்தது. தண்டைச் சுற்றிய உறையை விலக்கி அதற்குள் ஒளிந்த பூச்சியை, தூங்குகிற பிள்ளையின் கண்பீளையைத் துடைப்பதுபோல் எடுக்கப் பழகியது.

மாவுப்பூச்சியும் லேசுப்பட்டதா? விருந்துக்கு வந்த மாமன் மாதிரி. போய்விட்டான் என்று பாயைச் சுருட்டினால் வாசலில் நிற்பான். முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்து பொரிந்து வந்தன. வாரம் தவறாமல் பார்க்கணும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பார் சோப்பைச் சீவிக் கரைத்து, அதில் சில சொட்டு வேப்பெண்ணெய் விட்டு, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் தடவச் சொன்னார். சீனிச்சாமியின் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. சில சொட்டே நல்லது என்றால்... முழு வேப்பெண்ணெயை ஒரு இலையில் மெழுகிவிட்டார். அடுத்த நாள் வெயிலில் அது அப்பளமாகிவிட்டது.

"பிள்ளைக்குச் சொட்டு மருந்து குடுக்கச் சொன்னா பாட்டிலக் கவுத்துவியளோ?" என்று சத்தம்போட்டார் கிருபாபாய். "எதையும் மொதல்ல ஒரு எலையில ஓரத்துல தடவிப் பாத்துட்டுத்தான் செய்யணும். அதையே உங்ககிட்ட நூறுதரம் சொல்லணும்."

புள்ளி விழுந்த இலைகளைப் பிளேடை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு அறுத்தார்கள். வெட்டுவாயில் பட்டையை இடித்துச் சலித்த தூளை வைத்தார்கள். வேரில் மட்டும் சிந்தக்கூடாது, வேரைக் காயவைத்துவிடும். அந்த வாரம் முழுக்க முற்றத்தில் பட்டை மணத்தது. தெருவில் போனவர்கள் பால்கோவாக்காரன் வீட்டில் பிரியாணி என்று பேசிக்கொண்டார்கள். சண்முகத்தாய் மட்டும் சட்டிக்கு ஓடி மோந்து பார்த்தாள். பால் தப்பித்தது.

கார்த்திகை போனது. பூச்சி இல்லை, புள்ளி இல்லை. பூவும் இல்லை. பூரணம் தினமும் விடிந்ததும் செடிமுன்னால் போய் நிற்பாள், அப்படியே கல்லாவுக்குப் போவாள். மாரிசாமி வந்தால்கூடத் தலைநிமிராமல் எடைபோட்டாள். மார்கழியில் ஒருநாள் காலை அவள் போட்ட சத்தத்தில் சீனிச்சாமி துடுப்போடு ஓடிவந்தார்.

"அப்பா, இங்க பாரு! இது வேரா? பூவா?"

வயதான தண்டு ஒன்றின் உச்சியில் பச்சையாக ஒரு முனை. வேரானால் கீழே குனியும். இது மேலே பார்த்தது. அது நீள நீள அவருக்கு நெஞ்சு நீண்டது. அரும்புகள் கோத்தன. அதில் இரண்டு மஞ்சளித்து உதிர்ந்தபோது அடுப்புப் புகைமேல் பழிபோட்டு, செடியை முக்காலி, கிண்ணங்களோடு வாசல் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார். போகிற வருகிறவர்கள் தொட்டுவிடாமல் நாள்முழுக்கக் காவல் காத்தது சண்முகத்தாய். பெண்ணைக்கூட அவள் அப்படிக் காத்ததில்லை.

தை பிறந்தது. சொன்னபடி அம்பாசிடர் வந்தது. மாரிசாமி வந்தான், தாம்பாளங்கள் வந்தன. பெத்தம்மாள் பெண்ணைப் பார்க்கவில்லை, நேரே முக்காலிக்குப் போனாள். கொத்தில் ஒரே ஒரு பூ விரிந்திருந்தது, கத்திரிப்பூ நிறத்தில். மற்றதெல்லாம் மொட்டு.

அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, தண்டின் உறையை நெம்பிப் பார்த்தாள். மாவுப்பூச்சி ஒளிகிற இடம் அதுதான் என்று எப்படியோ தெரிந்திருந்தது. ஒன்றும் இல்லை. சீனிச்சாமி பெருமூச்சு விடுவதற்குள் தொட்டியைத் திருப்பினாள். அந்தப் பக்கம்தான் ஊனமெல்லாம்: அறுத்த இலைகள், பட்டைத்தூள் பூசிய தழும்பு, அப்பளமான இலையின் அடிக்கட்டை.

"இது என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல, காத்துல..." என்று ஐயாதுரை முந்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க மச்சான்" என்றார் சீனிச்சாமி. பெரிய கை தொங்கியது. "நான்தான் தாயி. கோவாச் சட்டி கழுவுன தண்ணியத் தெளிச்சேன். எறும்பு வந்து, பூச்சி வந்து, செடி சாகக் கெடந்துச்சு. மருந்தடிக்கல. பஞ்சும் சோப்பும் பட்டைத்தூளுமா வச்சுத்தான் பொழைக்க வச்சோம். பூ ஒண்ணுதான் வந்திருக்கு. எம் மகமேல எந்தத் தப்பும் இல்ல."

பெத்தம்மாள் அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். அவள் முகத்திலிருந்த விறைப்பு மெல்லக் கழன்றது.

"எங்கிட்ட பன்னெண்டு தொட்டி இருந்துச்சு அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவுக ஏற்காட்டுல இருந்து கொண்டாந்தது. இதே வெள்ளைப்பூச்சிதான். வயக்காட்டு மருந்த வாங்கி, மட்ட மத்தியானத்துல கரைச்சுக் கரைச்சு அடிச்சேன். பூச்சியும் செத்துச்சு, செடியும் வெந்துச்சு. எலைய நக்குன நாயி ரெண்டு நாளா வாந்தியெடுத்துப் பொழைச்சுச்சு. மிஞ்சுனது இது ஒண்ணு. எங்கையில இருந்தா இதையும் கொன்னுருவேன்னு பயம். பால் காயுற வீட்டுல வெசம் நொழையாதுன்னுதான் உங்க வீட்டுல கொண்டாந்து போட்டேன்."

"அப்ப அந்தக் கண்டிசன்?" என்றாள் சண்முகத்தாய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"கண்டிசன் போடாட்டி இத நீங்க பாப்பியளா? கொல்லையில தூக்கி வச்சிருப்பிய."

பூரணம் கதவோரத்திலிருந்து தலைநீட்டினாள். "பூக்காட்டியும்..?"

"பூக்காட்டியும் நீதான்ட்டி எம் மருமக. இல்லைன்னா இவன் கோவாவாப் போட்டு அந்த நாய வெடிக்க வச்சிருவானே!"

மாரிசாமி தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

பூ வைக்கிற நேரம் வந்தது. சீனிச்சாமி பிளேடை நெருப்பில் காட்டி எடுத்துவந்தார். கொத்தின் அருகில் கொண்டுபோனவரின் கை நின்றுவிட்டது. இருபது வருஷத்தில் அந்தக் கை நின்று அன்றைக்குத்தான் சண்முகத்தாய் பார்த்தாள்.

"வெட்டாதிய" என்றாள் பெத்தம்மாள். "வா பிள்ள, இப்பிடி உக்காரு."

பூரணத்தை முக்காலியை ஒட்டித் தரையில், தண்ணீர்க் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். செடியோடு சேர்த்துக் கொத்தை மெல்ல வளைத்து, அந்த ஒற்றைப் பூ அவள் உச்சி வகிட்டைத் தொடும்படி பிடித்தாள். குலவை போட்டார்கள்.

"பொண்ணுக்குப் பூ வைக்கச் சொன்னா, பூவுக்குப் பொண்ண வைக்காவ!" என்றார் ஐயாதுரை.

இலைபோட்டுக் கோவா பரிமாறினார்கள். பெத்தம்மாள் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நெய்யும் சர்க்கரையும் மினுங்குகிற விரலோடு எழுந்து போனவள், கொத்துக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று இலையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"சம்மந்தி!"

சீனிச்சாமியின் குரலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"மொதல்ல கையக் கழுவிட்டுத் தொடுங்க!"

ராஜபாளையத்தில் ஒருவரும் அதுவரை பெத்தம்மாளுக்கு உத்தரவு போட்டதில்லை. அவள் நீட்டிய கையைப் பார்த்தாள், எறும்பு தாண்டமுடியாத கிண்ணங்களைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தாள். சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.